நாலாம் நம்பர் கண்ணாடி

போன வாரம் அக்காவைச் சாரத்தின் மேல் நிறுத்திவிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பிவிட்டேன். ஏழு நாளாக அங்கேயே நிற்கிறாள். கால் கடுத்துப் போயிருக்கும். முதலில் அவளைக் கீழே இறக்குவோம்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. நூற்றிப் பத்து வயதான நகர மண்டபம். சனிக்கிழமை அதை மறுபடி திறக்கப் போகிறார்கள். பால்கனியில் நூற்றைம்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று பாடப் போகிறார்கள். பால்கனி தாங்கும் என்று கையெழுத்துப் போட வேண்டியவள் அக்கா. பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதற்கென்றே ஏழு வருஷம் படித்த என்ஜினியர். வேலையை எடுத்திருக்கும் கான்ட்ராக்டர் அவளுடைய சொந்தத் தம்பி. இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

இவர்களை ஒரே வேலையில் கட்டிப் போட்டது மண்டபக் குழு. குழுவில் பதினோரு பேர். பதினோரு பேரும் ஒரே கருத்தாக இருந்தது ஒரே ஒரு முறைதான். அன்றைக்குக் கரண்ட் இல்லை. யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

மண்டபத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதன் எதிரொலி மிகவும் நிதானமானது. காலையில் தும்மினால் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வரும். ஒரு பேச்சாளர் மேடையில் வாக்குறுதிகளாக அடுக்கினார். அவை திரும்பி வந்தபோது எவனோ எதிராளி கத்துகிறான் என்று நினைத்து, ஒவ்வொன்றாக மறுத்துவிட்டுப் போனார்.

சரி, சாரத்துக்கு வருவோம்.

பால்கனிக்குக் கீழே சுவரில் ஒரு நீள விரிசல். மூன்று மாதத்துக்கு முன்னால் அக்கா அதன் குறுக்கே ஏழு கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வைத்தாள். ரத்தச் சொட்டு வைத்துப் பார்க்கிற அந்த மெல்லிய ஆய்வுக்கூடக் கண்ணாடி. விரிசலுக்கு இந்தக் கரையில் ஒரு பொட்டு பிளாஸ்டர், அந்தக் கரையில் ஒரு பொட்டு, நடுவில் கண்ணாடி பாலம் மாதிரி. சுவர் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். பொய் சொல்லத் தெரியாத சாமான். ஒவ்வொன்றிலும் எண்ணும் தேதியும் அவள் கைப்பட எழுதியது.

இன்றைக்குக் கடைசிப் பார்வை. ஏழும் முழுசாக இருந்தன. ஆனாலும் பழக்கதோஷம், ஒவ்வொரு பொட்டையும் நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிளாஸ்டர் மாவாக உதிர்ந்தது.

நாலாம் நம்பரில் நகம் உடைந்தது.

அங்கேதான் விட்டிருந்தேன்.

அக்கா உடைந்த நகத்தைப் பார்த்தாள். நுனியில் வெள்ளைப் பெயின்ட், பிசுபிசுவென்று. பெயின்டுக்கு அடியில் சாம்பல் நிறம்.

சிமெண்ட்.

இரண்டு விரல் அகலக் கண்ணாடியை ஒட்ட சிமெண்டைக் குழைக்கிற ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான். அவனுக்கு வீட்டில் பெயரே சிமெண்ட்டுதான். எட்டு வயதில் அப்பாவின் செருப்பு அறுந்தபோது சிமெண்ட் வைத்து ஒட்டிக் கொடுத்தவன். அப்பா அந்தச் செருப்போடு நாலு வருஷம் நடந்தார். செருப்பு தேயவில்லை. தெரு தேய்ந்தது.

அக்கா ஏணியில் இறங்கினாள். அவள் கோபம் கத்துகிற கோபம் இல்லை. குரல் இறங்கிக்கொண்டே போகும். ஒருமுறை கோபத்தில் அவள் மெதுவாக போனை வைத்தாள். அந்தப் பக்கம் இருந்தவருக்கு மூன்று நாள் காது சில்லிட்டே கிடந்தது.

கீழே ஆட்கள் இரும்பு நாற்காலிகளைப் பால்கனிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் இருநூறு, பிள்ளைகளும் கூட வருகிறவர்களும் உட்கார. வலது படிக்கட்டு முழுக்க நாற்காலி அடுக்கு. தம்பி நடுவில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தான்.

"கான்ட்ராக்டர் சார்."

"சொல்லுங்க மேடம்."

ஆறு வருஷமாக இந்த மரியாதைதான்.

"நாலாம் நம்பரைத் தொட்டீங்களா?"

"எந்த நாலாம் நம்பர்?"

"மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்குமே, அது."

"மேடம், எனக்கு சனிக்கிழமைக்குள்ள தலைக்கு மேல வேலை. உங்க கண்ணாடியைக் காவல் காக்கிறது என் வேலை இல்ல."

"காவல் காக்கச் சொல்லல. கை வச்சீங்களான்னு கேட்டேன்."

"கை வச்சதைப் பார்த்தீங்களா?"

அக்கா உடைந்த நகத்தை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். கூரையில் அவனுக்கு உதவி செய்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாள், கையில் ஐந்தடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு.

அந்தப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேல் இரண்டு அடுக்கு மகளுக்கு. கீழ் இரண்டு அடுக்கு மகனுக்கு. நடு அடுக்கு காலி. ஒருவர் சாப்பாட்டின் வாசனை அடுத்தவர் சாப்பாட்டுக்குப் போய்ச் சண்டையைக் கிளப்பக் கூடாது என்று அம்மா வைத்திருக்கும் எல்லைக்கோடு அது.

இரண்டு முகத்தையும் பார்த்த உடனே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டையும் பெற்றவள்.

"நான்தான்," என்றாள்.

"என்னம்மா நீ?"

"அந்தக் கண்ணாடி. நான்தான் உடைச்சேன். சாரத்து மேல சாப்பாடு கொண்டுவந்தப்போ பாத்திரம் இடிச்சிருச்சு. உனக்குத் தெரிஞ்சா நீ கோவிச்சுக்குவேன்னு இவன்கிட்ட சொன்னேன். பாவம், ஒட்டிக் கொடுத்தான். இதுக்குப் போய் ஏன்டி மூஞ்சியை இப்படி வச்சிருக்கே?"

தம்பி தரையைப் பார்த்தான்.

அக்காவுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. நிஜமாகவே தளர்ந்தது, பொய் இல்லை. பாத்திரம் இடித்து உடைந்ததென்றால் சுவர் நகரவில்லை. சுவர் நகரவில்லையென்றால் பிள்ளைகள் பாடலாம். அம்மாவின் கைத்தவறு ஒரு பெரிய வரமாக இருந்திருக்கும். ஒரு நிமிஷம் அவள் அதை நம்ப ஆசைப்பட்டாள். அந்த ஒரு நிமிஷத்தை அவளுக்குக் கொடுத்துவிடுவோம், அதற்கப்புறம் அவளுக்கு இன்றைக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை.

"ஏம்மா, என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல? உடைஞ்ச துண்டு எங்க?"

"பத்திரமா இருக்கு." அம்மாவுக்குப் பெருமை. "குப்பையில போட்டுடுன்னுதான் இவன் கொடுத்தான். உன் கையெழுத்து இருக்கே, எப்படிப் போடறது? மனசு வரல."

நடு அடுக்கைத் திறந்தாள். எல்லைக்கோட்டுக்குள் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் இரண்டு கண்ணாடித் துண்டு.

இரண்டே இரண்டு.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

அக்கா இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஒட்டிப் பார்த்தாள். நேர்கோடு, கோடு போட்டு அறுத்த மாதிரி, சரியாக விரிசலுக்கு மேலே வருகிற இடத்தில். இரண்டு முனையிலும் அவள் வைத்த பிளாஸ்டர் பொட்டு, ஒட்டினபடியே.

"அம்மா. பாத்திரம் இடிச்சா கண்ணாடி எப்படி உடையும்?"

"எப்படி உடையும், பொட்டுனு உடையும்."

"ஒரு இடத்துல அடிபட்டு, அங்கேருந்து நாலா பக்கமும் சிதறும். பத்துத் துண்டு இருக்கும். இது ரெண்டே துண்டு. பாத்திரம் இடிக்கும்மா. இழுக்காது. சுவர்தான் இழுக்கும்."

அம்மா பொட்டலக் காகிதத்தை நாலாக மடித்தாள்.

"எப்ப கொடுத்தான்?"

"ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு…"

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அடிச்ச பெயின்ட் இன்னைக்கு விரல்ல ஒட்டுது." அக்காவின் குரல் இன்னும் ஒரு படி இறங்கியது. "கான்ட்ராக்டர் சார். எத்தனை தடவை?"

தம்பி பக்கத்திலிருந்த ஒரு நாற்காலியை நகர்த்தி வைத்தான்.

"எத்தனை தடவைடா?"

அந்த "டா" ஆறு வருஷம் உள்ளே கிடந்து துருப்பிடித்துப் போயிருந்தது. வெளியே வரும்போது இரண்டு பேரையும் கீறியது.

தம்பி மூன்று விரலைக் காட்டினான்.

"மூணா?" என்றாள் அம்மா. "என்கிட்ட ஒண்ணுதானே கொடுத்தே!"

"எப்பெப்ப?"

"முதல்ல உடைஞ்சது அதுதான். புதுசு வச்சேன். பதினோரு நாள் இருந்துச்சு. அதுவும் போச்சு. இன்னொண்ணு வச்சேன். நாலு நாள். நேத்து சாயங்காலம்தான் இதை வச்சேன்."

அக்கா கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொன்னாள். "ரெண்டரை மாசம். பதினோரு நாள். நாலு நாள். அடுத்து?"

வலது படிக்கட்டில் நாற்காலிகள் கணகணவென்று ஏறிக்கொண்டிருந்தன.

ஏன் மறைத்தான் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மழைக்கறை தெரிகிறதென்று மண்டபத்தின் வெளிச்சுவர் முழுக்க சிமெண்ட் பூசியவன் அவன்தான். பார்க்கப் பளபளவென்று இருந்தது. சுண்ணாம்பில் கட்டிய சுவர் மூச்சு விடும். சிமெண்ட் பூசினால் அதன் வாயைப் பொத்தின மாதிரி. உள்ளே இறங்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் பால்கனியைத் தாங்கும் மர உத்தரங்களின் முனையில் போய் உட்கார்ந்து மக்க வைக்கும். இதை அக்கா அன்றைக்கே அறிக்கையாக எழுதினாள். தம்பியின் பெயரை எழுதவில்லை. "ஒப்பந்தக்காரர்" என்று பதினேழு இடத்தில் எழுதினாள். பெயரை எழுதியிருந்தால்கூட மன்னித்திருப்பான்.

சுவர் நகர்ந்தால் அந்தப் பதினேழு இடமும் உண்மை. அதனால் சுவர் நகரக் கூடாது. அதனால் கண்ணாடி உடையக் கூடாது. அவ்வளவுதான் அவன் கணக்கு.

"என் எழுத்தை அப்படியே எழுதியிருக்கே," என்றாள் அக்கா. "என் தேதி. என் நாலு. கொஞ்சம்கூடக் கை நடுங்கலையா உனக்கு?"

"கள்ள எழுத்துக்கு நீ பேசுறியா? ஆறாம் கிளாஸ்ல என் மார்க் ஷீட்டுல அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தது யாரு?"

"அன்னைக்கு அந்த மார்க் ஷீட்டு மேல நூத்தைம்பது பிள்ளைங்க ஏறி நிக்கல!"

இந்தத் தடவை அவள் குரல் இறங்கவில்லை. மண்டபம் முழுக்கப் போனது. நாற்காலி தூக்கிய ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பெரிய படிப்பு," என்றான் தம்பி. "ஏழு வருஷம் படிச்சுட்டு வந்து நாலு கண்ணாடியை ஒட்டி வச்சுக்கிட்டு, இருபது வருஷம் கொத்துக் கரண்டி பிடிச்சவனை முட்டாளாக்குவே. நான் கட்டின எது விழுந்துச்சு? ஒண்ணு சொல்லு!"

"நீ கட்டினது விழாது. உனக்கு முன்னாடி ஒருத்தன் கட்டினான் பாரு, அதைத்தான் நீ விழ வைக்கிறே."

"போதும்!" அம்மா பாத்திரத்தைத் தரையில் வைத்தாள், வைத்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஐந்து அடுக்கும் துள்ளின. "ஆறு வருஷமா நான் நடு அடுக்கைக் காலியா தூக்கிட்டு அலையறேன். காலிப் பாத்திரம் எவ்வளவு கனம்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா? ஒண்ணு படிச்ச திமிர்ல இருக்கு. ஒண்ணு படிக்காத திமிர்ல இருக்கு. உங்க சண்டையை மூடத்தான் நான் பொய் சொன்னேன். பிள்ளைங்க தலையில எதையும் போடறதுக்கு இல்ல." மகன் பக்கம் திரும்பினாள். "மூணுன்னு ஏன்டா என்கிட்ட சொல்லல? ஒண்ணுன்னு நினைச்சுத்தானே நான் வாயைத் திறந்தேன்!"

அவன் குனிந்து, சாய்ந்து கிடந்த பாத்திரத்தை நிமிர்த்தி வைத்தான்.

இப்படி மூன்று பேரும் கொதித்துக்கொண்டிருக்கும்போது குழுத் தலைவர் நுழைந்தார். அவர் வருவதற்கு அரை நிமிஷம் முன்னால் அவர் மீசை வரும். கையில் பைல், பைலுக்குள் சான்றிதழ், சான்றிதழுக்கு மேல் மூடி திறந்த பேனா.

"ஒரே ஒரு கையெழுத்தும்மா. அழைப்பிதழ் எல்லாம் போயாச்சு."

"பால்கனி பாதுகாப்பா இல்ல சார்."

"அதெல்லாம் பார்த்தாச்சும்மா. நேத்து எங்க தச்சனைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். கையால தட்டிப் பார்த்துட்டு, கல்லு மாதிரி இருக்குன்னான்."

"எந்தத் தச்சன்?"

"எங்க வீட்டுக் கட்டில் செஞ்சவன். இருபது வருஷமா ஒரு கிரீச்சு சத்தம் கிடையாது."

"அந்தக் கட்டில்ல நூத்தைம்பது பேர் ஏறி நின்னு பாடட்டும் சார். கிரீச்சு வரலைன்னா அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

மீசை ஒரு பக்கம் இறங்கியது. "இப்படிப் பேசினா எப்படிம்மா? நீங்க இல்லேன்னா வேற என்ஜினியர் இல்லையா?"

"இருப்பாங்க. வரச் சொல்லுங்க. இந்த ரெண்டு துண்டையும் அவங்க கையில கொடுக்கிறேன். இந்த வேலை தெரிஞ்ச யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. தெரியாதவங்க போடுவாங்க. அப்ப அவங்க பேரையும் உங்க பேரையும் அழைப்பிதழ்லயே அச்சடிச்சிடுங்க."

பைலை வாங்கினாள். "தாங்கும்" என்று அச்சடித்திருந்த இடத்தைக் குறுக்கே அடித்தாள். "தாங்காது. யாரும் ஏறக் கூடாது. உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். வெளிச்சுவர் சிமெண்டை முழுக்க உரித்து, உத்தர முனைகளைத் திறந்து பார்க்க வேண்டும்" என்று எழுதினாள். கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.

"கையெழுத்துதானே கேட்டீங்க."

தலைவர் பேனாவின் மூடியைத் தேட ஆரம்பித்தார். மூடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வேறு என்ன செய்வது என்று தெரியாத நேரத்தில் ஆள் எதையாவது தேடத்தான் செய்வான்.

"எல்லாரும் வெளிய போங்க," என்றாள் அக்கா ஆட்களிடம். "நாற்காலி அப்படியே இருக்கட்டும். தொட வேண்டாம். வாசல்ல நில்லுங்க."

ஆட்கள் முதலாளியின் முகத்தைப் பார்க்கத் திரும்பினார்கள். முதலாளியைக் காணோம்.

"எங்கடி அவன்?" என்றாள் அம்மா.

மேலே நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

பால்கனியின் முன்வரிசையில், சரியாக நடுவில், தம்பி உட்கார்ந்திருந்தான். இடது படிக்கட்டு வழியாக ஏறியிருக்கிறான். கால் மேல் கால். முகம் மட்டும் அடுப்பில் வைத்த மாதிரி.

"இறங்கி வாங்க சார்," என்றாள் அக்கா.

"இங்கதான் இருப்பேன். விழுந்தா நான்தானே விழுவேன். விழலேன்னா அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடு. பதினேழு இடத்துல எழுதினியே, அதையும் கிழி!"

"டேய், இறங்குடா. உனக்கு முன்னாடியே அங்க இருநூறு நாற்காலியில பாதி ஏறியாச்சு."

"என் பூச்சு. என் சுவர். எனக்குத் தெரியும் அதைப் பத்தி."

"சின்னவனே!" அம்மா கத்திய கத்தலில் வாசலில் நின்ற ஆட்கள் இரண்டு படி இறங்கிவிட்டார்கள். "சொல்றதைக் கேளுடா! அவ படிச்சவடா!"

"நீயுமாம்மா?" என்று அவன் எழுந்து நின்றான். கோபத்தில் காலை ஓங்கித் தரையில் ஒரு மிதி மிதித்தான். "இதோ! என்ன ஆச்சு? சொல்லுங்க, என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை.

மிதித்த சத்தம் மண்டபத்தைச் சுற்றப் புறப்பட்டுப் போனது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தலைவரின் முகத்தில் லேசாக ஒரு தெம்புகூட வந்தது. அக்கா மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிக்.

சின்னச் சத்தம். விரலில் சொடுக்குப் போட்டதைவிடச் சின்னது. நாலாம் நம்பர் அசையாமல் நின்றது. அதற்குப் பக்கத்தில் ஐந்தாம் நம்பர், அவள் கையால் ஒட்டியது, பெயின்ட் பூசாதது, குறுக்கே நேர்கோடாக இரண்டாகியிருந்தது.

எல்லாரும் சுவர் பக்கம் திரும்பினார்கள்.

டிக்.

இந்த மண்டபத்தின் எதிரொலியைப் பற்றி ஆரம்பத்திலேயே சொன்னேன். இரண்டாவது சத்தம் எதிரொலிதான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த எதிரொலி இவ்வளவு சீக்கிரம் வந்ததாக வரலாறு இல்லை.

தம்பிக்கு இரண்டுமே கேட்டிருந்தது. கையை உயர்த்தினான், எதையோ பிடித்துக்கொள்ளப் போகிறவன் மாதிரி. பிறகு எதையும் தொடாமல் அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டான். இடது பக்கம் பார்த்தான். அவன் ஏறி வந்த படிக்கட்டு, விரிசலுக்கு நேர் மேலே. வலது பக்கம் பார்த்தான். அவனே அடுக்கச் சொன்ன இரும்பு நாற்காலிகள், ஆள் உயரத்துக்கு.

இருபது வருஷம் கரண்டி பிடித்தவனுக்கு, எந்தப் பக்கம் காலை வைப்பது என்று தெரியவில்லை.

"அக்கா," என்றான்.

ஆறு வருஷத்தில் முதல் தடவை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, எந்தப் பக்கமா இறங்கட்டும்?"